வீடும் வினைக்களமும்

வீடு என்னும் சொல் 'விடு' என்னும் முதனிலை நீண்டு பிறந்தது. கெடு என்பது கேடு எனவும், சுடு என்பது சூடு எனவும், படு என்பது பாடு எனவும் திரிந்தாற்போல, விடு என்பதும் வீடு எனத் திரிந்து நின்றது. இதனை இலக்கண நூலார் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். பகற்பொழுதெல்லாம் வயலிலோ, கடையிலோ, ஆலையிலோ உழைத்தவன் தன் வினையை விட்டு வந்து தங்குமிடம் வீடு. பிறவித் துன்பம் விட்ட நிலையும் வீடு. விடுதலை என்னும் கருத்தே இச்சொல்லின் உயிர்நிலை. அங்ஙனமாயின், வினையை விட்டு வருதற்குரிய அவ்விடத்திற்கே வினை வந்து புகுமாயின் அதனை யாதென்று சொல்வது? இஃது இலக்கண மாணாக்கர் வகுப்பறையில் விளையாட்டாக எழுப்பும் வினா அன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றின் பொருட்டு நாடு முழுதும் ஊரடங்கிய நாள் தொடங்கி, எண்ணிறந்த இல்லங்களில் எழுந்து இன்றளவும் முடிந்த விடை காணாது நிற்கும் வினாவாகும்.

எம் இல்லமும் அவற்றுள் ஒன்று. கோவையினின்று மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், குருடிமலையைக் காணும் தொலைவில் அமைந்தது பெரியநாயக்கன்பாளையம். எந்தையார் இவ்வூர்ப்பக்கத்து வார்ப்படச்சாலை ஒன்றில் முப்பதாண்டாக உழைப்பவர். எம் தமக்கையார் கணினித் தொழில் பயின்று பெங்களூரில் அலுவல் ஏற்றவர். ஊரடங்கின்போது கணினியோடு வீடு வந்து சேர்ந்தார். பின்னர் மணமாகி, ஒரு குழந்தைக்கும் தாயாகி, எம் இல்லத்தின் பின்கட்டு அறையிலிருந்தே தம் அலுவலை இன்றும் செய்து வருகின்றார். சென்ற ஆண்டு அவர்தம் நிறுவனத்தார், இனிப் பணியாளர் எல்லோரும் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வருதல் வேண்டுமென ஓலை விடுத்தனர். அன்றிரவு எம் வீட்டில் நிகழ்ந்த உரையாடலே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. "ஏனம்மிணி, சம்பளம் குடுக்கறவங்க கூப்பிட்டாப் போகவேண்டியதுதானே?" என்றார் தந்தையார். "போனால் குழந்தையை யாரப்பா பார்ப்பது?" என்றார் தமக்கையார். இருவர் கூற்றும் நேரியனவே. இரண்டும் நேரியனவாயின் குழப்பம் எங்கே உள்ளது? அதனை ஆராய்தலே ஈண்டு யான் மேற்கொண்டது.

பண்டை வழக்கு

வீட்டிலிருந்து வேலை செய்தல் புதுவது என்று கருதுவோர் பலர். அமெரிக்க நாட்டு ஜாக் நில்ஸ் என்பார் 1973-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு பெயர் அமைத்தார். அலுவலகத்திற்குச் செல்லுதலைத் தொலைபேசி முதலியவற்றின் செய்திப் போக்குவரவால் ஈடுசெய்தல் என்பது அப்பெயரின் பொருள். பெயர் புதிதேயன்றிச் செயல் புதிதன்று. கொங்கு நாட்டு வேளாளன் தோட்டத்து நடுவே சாளை அமைத்து அதன்கண் வாழ்ந்தான். அவனுக்கு வீட்டு வாயிலே வினைக்களத்தின் வாயில். சிறு விளக்கின் ஒளியில் இரவினும் பருத்தி நூற்ற மகளிரைப் புறநானூறு நமக்குக் காட்டுகின்றது. தூய பவுலும் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்பாருடைய இல்லத்தில் தங்கி அவர்களுடன் கூடாரத் தொழில் செய்தார் என்று திருமறை கூறும்.

இத்தொல் வழக்கின் இயல்பை நேரிற் காண விழைவார், எம்மூரினின்று வடக்கே மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகைக்குச் செல்வாராக. அவ்வூர்க் கைத்தறி நெசவாளர் இல்லமொன்றிற்கு யான் சென்றிருந்தேன். முன்னறையின் பெரும்பகுதியைத் தறியே கைக்கொண்டிருந்தது. கணவர் தறியில் அமர்ந்து மிதிபலகையை மிதிக்க, மனைவியார் அடுக்களைக்கும் இராட்டைக்குமாக மாறி மாறி நடந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். பள்ளி விட்டு வந்த சிறுவன் நூலிழை அறுந்தவிடத்து முடியும் இட்டான். அந்நெசவாளரை, வெளியே ஆலைக்குச் செல்லுதல் நன்றோ, வீட்டில் நெய்தல் நன்றோ என வினவினேன். "எனக்கு மேலாள் இல்லை, நினைத்தபோது எழுந்திருப்பேன்" என்றார் அவர். அவர் மனைவியாரோ சிறிது நகைத்து, "எழுந்திருக்கலாம், ஆனால் சேலை இறங்கவேண்டிய நாளில் இறங்கவேண்டுமே" என்றார். இவ்விரு விடைகளுள்ளும் இப்பொருளின் நன்மையும் தீமையும் ஒருங்கே அடங்கியிருத்தலை அறிஞர் காண்க.

பாவும் ஊடையும் பிறர் தருவர். நெய்து முடித்த சேலைக்குக் கூலி தருவர். தறி நிற்கும் இடத்துக்கு வாடகையில்லை, விளக்குக்குச் செலவில்லை, தார் சுற்றும் மனைவிக்குத் தனிக் கூலியுமில்லை. இவையனைத்தும் வீட்டுக்காரன் தலைமேல் நின்றன. அன்றியும், நெசவாளர் வீடுதோறும் தனித்தனியே இருந்தமையால், கூலி குறைந்த காலத்து ஒருமித்துக் கேட்கும் வலிமையும் அவர்க்கு அரிதாயிற்று. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதும், அவற்றின் துணிகளை விற்றற்கு 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் இக்குறையை ஒருவாறு நீக்குதற்பொருட்டேயாம்.

கைத்தறிக்குப் பின் வந்த விசைத்தறியினும் இந்நிலை முற்றும் மாறிற்றில்லை. சோமனூர், பல்லடம் பகுதிகளில் கூலிக்கு நெய்வோர்க்கு நூல் பிறருடையது. தறியும் கொட்டகையும் தம்முடையன. மின்சாரச் சுமையைக் குறைக்க அரசினர் இரு திங்களுக்கு 750 யூனிட் கட்டணமின்றி அளித்து வந்ததனை, 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்த்தினர். பேசி முடித்த கூலியுயர்வு கைக்கு வாராமையால் 2022-ஆம் ஆண்டு சனவரியில் அவர்கள் தறிகளை நிறுத்திப் போராடியதும் நினைவுகூரத் தக்கது.

ஆலை வந்த பின்

கோவையில் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை 1888-இல் நிறுவப்பெற்றது. பைக்காரா நீர்மின்சாரம் 1932-இல் வந்தபின் ஆலைகள் பெருகின. அவ்வாலைகளுக்கு வேண்டும் நூற்பு யந்திரங்களை ஈண்டே செய்யும்பொருட்டு லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் 1962-இல் தோன்றிப் பெரியநாயக்கன்பாளையத்தின் தோற்றத்தையே மாற்றிற்று. அதனைச் சூழ்ந்து வார்ப்படச்சாலைகளும், கடைசல் பட்டறைகளும் எழுந்தன. ஆலைச் சங்கு ஊதும் நேரமே ஊரின் கடிகாரமாயிற்று.

ஆலை, வீட்டையும் வினைக்களத்தையும் பிரித்தது. அப்பிரிவால் உழைப்பாளன் தன் நேரத்தின் மேலிருந்த ஆட்சியை இழந்தான், ஷிப்டுக்கு அடிமையானான். ஆயினும் அவன் பெற்றனவும் சில உள. வேலை நேரத்திற்கு ஓர் எல்லை வந்தது. அவ்வெல்லை கடந்த உழைப்புக்கு மிகைக் கூலி வந்தது. யந்திரமும் கட்டிடமும் விளக்கும் முதலாளியின் செலவாயின. ஒரே கூரையின் கீழ்ப் பலர் கூடியமையால் சங்கம் வந்தது. எந்தையார் ஆலைக் கதவைக் கடந்து வெளிவந்தவுடன் அவருடைய நேரம் அவருடையதே. எந்த மேலாளரும் இரவு பத்து மணிக்கு அவரை அழைத்து, உருக்கிய இரும்பு என்னாயிற்று என்று வினவியதில்லை. எனவே, வேலை செய்யுமிடம் மாறுங்கால் இடம் மட்டும் மாறுவதில்லை. செலவு யாருடையது, நேரம் யாருடையது, பேசும் வலிமை யாருடையது என்னும் மூன்றும் உடன் மாறுகின்றன. இம்மூன்றையும் உள்ளத்திருத்தியே இக்காலத்து வழக்கை ஆராய்தல் வேண்டும்.

பணியாளர் நோக்கு

இனி, கணினித் தொழிலாளர் வீட்டிலிருந்து பணியாற்றலை விரும்புதற்குக் காரணங்கள் வெளிப்படை. பெருநகரங்களில் வாடகை மிகுதி. போக்குவரவில் கழியும் நேரமோ அதனினும் மிகுதி. கோவையிலும் பீளமேட்டு டைடல் பூங்கா, சரவணம்பட்டி, கீரணத்தம் முதலிய இடங்களிலேயே இத்தொழில் குவிந்துள்ளது. எம்மூரினர் துடியலூர் சென்று, ஆண்டு நெருக்கத்தில் நின்று, பின்னரே சரவணம்பட்டிச் சாலையைப் பிடித்தல் வேண்டும். முதிய பெற்றோரைப் பேணுவோர்க்கும், குழந்தையுடையார்க்கும், உடற்குறையுடையார்க்கும் வீட்டுப் பணி வெறும் வசதியன்று. பணியில் நிலைத்தலுக்கும் பணியை விடுதற்கும் இடையே நிற்பது அது. இதனை உணர்ந்தே, 2017-இல் திருத்தப்பெற்ற மகப்பேற்று நலச் சட்டம், விடுமுறை முடிந்தபின்னும் வேலையின் இயல்பு இடங்கொடுக்குமாயின், இரு திறத்தாரும் உடன்பட்டு வீட்டிலிருந்து பணி செய்யலாமென வகுத்தது.

ஆயினும் பணியாளர் அனைவரும் ஒருமுகமாக இதனைப் போற்றுகின்றனர் என்பது பொருந்தாது. வீட்டில் இருப்பவர் எப்போதும் கிடைப்பவர் என்ற எண்ணம் மேலாளர்க்கு எளிதில் உண்டாகின்றது. அலுவலகத்தில் இருப்பவர் கண்ணிற்பட்டு உயர்வு பெற, வீட்டிலிருப்பவர் மறக்கப்படுகின்றனர். எம் தமக்கையார் உணவுண்ணும்போதும் காதிற் கருவியை நீக்காதிருந்த நாட்கள் உண்டு. அவர் வீட்டிலிருக்கின்றார் என்பதனால், எரிவாயு உருளை வந்தாலும், உறவினர் வந்தாலும், குழந்தை அழுதாலும் எழுந்து செல்பவர் அவரே. மகளிர் இல்லப்பணிச் சுமை எத்துணைத்து என்பதனை நம் அரசினரின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கு காட்டுகின்றது: கூலியற்ற இல்லப்பணியில் ஈடுபடும் மகளிர் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடமும், ஆடவர் 88 நிமிடமும் செலவிடுகின்றனர். அலுவலகம் வீட்டுக்குள் வந்தது. ஆனால் அடுக்களை வீட்டை விட்டுப் போகவில்லை.

நிறுவனத்தார் நோக்கு

நிறுவனத்தாரின் எண்ணம் இவ்வாண்டுகளில் பெரிதும் அலைவுற்றது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தார், 2025-ஆம் ஆண்டளவில் எந்நேரத்தும் தம் பணியாளருள் நூற்றுக்கு 25 பேர்க்கு மேல் அலுவலகத்தில் இருத்தல் வேண்டா என்னும் நிலையை எய்துவோமென அறிவித்தனர். அந்நிறுவனமே 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளினின்று வாரம் ஐந்து நாளும் வருக என அழைத்தது. அடுத்த ஆண்டில் ஊதியத்தின் மாறும் பகுதியையும் வருகையோடு பிணைத்தது. இன்போசிஸ் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு மார்ச்சு முதலாகத் திங்களுக்குப் பத்து நாளேனும் அலுவலகம் வருதலை விதித்தது. சில நாள் வீடும் சில நாள் அலுவலகமுமாகிய இம்முறையையே 'ஹைப்ரிட்' என வழங்குவர். நாம் கலப்பு முறை எனலாம்.

அரசினர் விதிகளும் இவ்வாறே நெகிழ்ந்தன. தொலைபேசி வழியாக அயலார்க்குப் பணிசெய்யும் நிறுவனங்கள், தம் பணியாளரை வீட்டிலிருந்து உழைக்கச் செய்தற்கு முன்னர் ஒரு கோடி ரூபாய்ப் பிணையம் காட்டவேண்டியிருந்தது. அத்தடை 2020-ஆம் ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் உள்ள நிறுவனங்கள் பணியாளருள் பாதிப்பேர் வரை வீட்டிலிருந்து பணியாற்ற விடுதற்கு 2022-ஆம் ஆண்டு சூலையில் புதுவிதி வகுக்கப்பட்டது.

நிறுவனத்தார் அலுவலகத்திற்கு அழைத்தற்குக் கூறும் காரணங்கள் பொய்யல்ல. புதிதாகச் சேர்ந்த இளைஞர் மூத்தாரருகில் அமர்ந்து, கேட்டும் கண்டும் கற்பனவற்றைத் திரை வழியாகக் கற்றல் அரிது. எந்தையார் வார்ப்படக் கலையைக் கற்றது நூலால் அன்று; மூத்த தொழிலாளர் ஒருவர் மணலைக் கையிற் பிடித்துப் பார்த்து ஈரமறிந்ததைப் பலகாலும் கண்டு கற்றார். அயல்நாட்டு வணிகரின் மறைபொருள் வெளிப்படலாகாது என்பதும் ஒரு காரணம். ஒரே நேரத்தில் இரு நிறுவனங்களுக்கு ஒருவர் உழைத்தலும் நிகழ்ந்தது. அவ்வாறு போட்டி நிறுவனங்களுக்கு உழைத்தமை கண்டு 300 பேரை நீக்கியதாக விப்ரோத் தலைவர் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிப்படையாகக் கூறினார்.

ஆயினும் இவையனைத்திற்கும் அடியில் நிற்பது ஐயமே. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் 11 நாடுகளில் 20,000 பேரை வினவி வெளியிட்ட கணக்கில், தாம் நன்கு உழைப்பதாகக் கூறிய பணியாளர் நூற்றுக்கு 87 பேர். தம் பணியாளர் நன்கு உழைக்கின்றனர் என்று முழு நம்பிக்கை கொண்ட தலைவரோ நூற்றுக்கு 12 பேரே. ஆராயாது ஒருவரைத் தெளிதலும், ஆராய்ந்து தெளிந்தபின் அவர்மாட்டு ஐயங்கொள்ளுதலும் ஆகிய இரண்டும் துன்பமே தருமென வள்ளுவர் காட்டியது அரசர்க்கே உரியதன்று. இக்கால நிறுவனத் தலைவர்க்கும் உரியதாம்.

ஆராய்ச்சி காட்டும் உண்மை

இரு திறத்தாருள் யார் கூறுவது மெய்? இதனை அறிஞர் வெவ்வேறிடங்களில் சோதித்துள்ளனர். நிக்கோலஸ் புளூம் என்னும் பொருளாதாரப் பேராசிரியரும் அவர் குழுவினரும், சீன நாட்டுச் சீட்ரிப் என்னும் பயண நிறுவனத்தில் ஒரு சோதனை நடத்தி 2015-இல் வெளியிட்டனர். தொலைபேசிப் பணியாளருள் தாமே விரும்பி முன்வந்த 249 பேரைச் சீட்டு முறையிற் பிரித்து, ஒரு பகுதியினரை ஒன்பது திங்கள் வீட்டிலிருந்து உழைக்கச் செய்தனர். வீட்டிலிருந்தோர் வேலை நூற்றுக்கு 13 வீதம் மிகுந்தது. ஆனால், வேலைத்திறத்தைக் கருதி நோக்குங்கால் அவர்க்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்து தத்தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ள விட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் தம் முன்னைய விருப்பத்தை மாற்றிக்கொண்டனர்.

மற்றொரு சோதனை நம் சென்னையிலேயே நடந்தது. டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூவர், தரவுகளைக் கணினியில் பதியும் பணியாளரை இருபாலாக்கி ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டனர். வீட்டில் உழைத்தோர் வேலை, அலுவலகத்தில் உழைத்தோரினும் நூற்றுக்கு 18 வீதம் குறைந்தது. அக்குறைவின் மூன்றில் இரு பங்கு முதல் நாளிலேயே வெளிப்பட்டது. எஞ்சியது, அலுவலகத்தார் விரைந்து கற்றமையால் விளைந்தது. இவ்வாராய்ச்சியுள் என் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது வேறொன்று. வீட்டுப் பணியை விரும்பியோர் தொடக்கத்தில் மற்றையோரினும் திறமை மிக்கவராயிருந்தனர். எனினும் வீட்டில் உழைத்தபோது அவர்களுக்கே இழப்பு மிகுதி. அலுவலகத்தை விரும்பினோர்க்கு வீட்டில் 13 வீதம் குறைய, வீட்டை விரும்பினோர்க்கு 27 வீதம் குறைந்தது. இஃது எங்ஙனமெனின், வீட்டை வேண்டி நின்றோருட் பலர் குழந்தைகளையோ பிறரையோ பேணும் பொறுப்புடையார்; வறிய குடும்பத்தினரும் அவருள் உளர். எந்தப் பொறுப்பு அவரை வீட்டை வேண்டச் செய்ததோ, அதே பொறுப்பு வீட்டில் அவர் கையைப் பிடித்து இழுத்தது. வீடு யாருக்கு இன்றியமையாததோ, அவருக்கே வீடு தடையாயிற்று.

ஆசியாவிலுள்ள பெரிய கணினி நிறுவனமொன்றில் பதினாயிரவர்க்கு மேற்பட்ட பணியாளரைப் பற்றிய ஆராய்ச்சியும் இதனோடு ஒக்கும். வீட்டிலிருந்த காலத்து வேலை நேரம் நீண்டது, கூட்டங்கள் பெருகின, இடையறாது உழைக்கும் நேரம் சுருங்கிற்று, ஆகவே நேர அளவோடு ஒப்பிட விளைவு நூற்றுக்கு 8 முதல் 19 வீதம் வரை குறைந்தது. குழந்தையுடையார்க்குக் குறைவு மிகுதி. அவர் சோம்பினர் அல்லர். மிகுதியாக உழைத்தே குறைவாக விளைத்தனர்.

கலப்பு முறையைப் பற்றிய சோதனை, முற்கூறிய சீன நிறுவனத்தில் பின்னர் நடந்தது. முடிவு 2024-இல் வெளிவந்தது. 1,612 பேருள் ஒரு பகுதியினர் வாரத்தில் இரு நாள் வீட்டிலிருந்தனர். வேலையின் தரம் குறையவில்லை. வேலையை விட்டு நீங்குவோர் தொகையோ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தொடங்கும்போது மேலாளர்கள் இதனால் வேலை நூற்றுக்கு 2.6 வீதம் குறையுமென்று எண்ணினர். முடியும்போது 1 வீதம் மிகுமென்று மாறினர். ஐயத்தைப் போக்கியது சொற்போர் அன்று, பழக்கமே.

இம்முடிவுகள் தம்முள் முரணுவன போலத் தோன்றும்; ஆயினும் முரணில்லை. தனித்துச் செய்யும் வேலை வேறு, கூடிச் செய்யும் வேலை வேறு. கற்றவன் நிலை வேறு, கற்கின்றவன் நிலை வேறு. அமைதியான அறையுள்ள வீடு வேறு, ஓரறையில் ஐவர் வாழும் வீடு வேறு. வேலையையும் வீட்டையும் நோக்காது, வீடா அலுவலகமா என்று மட்டும் வினவுதல், நோயை நாடாது மருந்தை வினவுதல் போலும்.

நமக்கு ஏற்ற வழி

முதற்கண், ஒரு வழக்கறத்தை நினைத்தல் வேண்டும். வார்ப்படச்சாலையை வீட்டிற்குக் கொண்டுவர ஒண்ணாது. எம்மூரில் எந்தையார் போல்வாரே மிகப் பலர். கணினியாளர்க்கு இடத்தில் நெகிழ்ச்சி அளிப்பார், கையால் உழைப்பார்க்கு நேரத்தில் நெகிழ்ச்சி அளிப்பாரா? குழந்தை நோயுற்ற நாளில் ஷிப்டை மாற்றிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கும் வேண்டுவதே. இன்றேல் ஒரே வீட்டில் ஒருவர் மேற்குலத்தார், ஒருவர் கீழ்க்குலத்தார் என்னும் புதுப்பிரிவு தோன்றும்.

இரண்டாவதாக, புதியோர்க்குக் கல்வி வேண்டுமாகலின், வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் குழுவினர் அனைவரும் ஒரே நாட்களிற் கூடுதல் தகும். மூத்தார் வீட்டிலும் இளையார் அலுவலகத்திலும் இருப்பாராயின், பயணம் வீணாவதன்றிப் பயனில்லை. மூன்றாவதாக, வீட்டுப் பணிக்கு நேர எல்லை வகுத்தல் வேண்டும். மேசை, மின்சாரம், இணையம் ஆகியவற்றின் செலவில் நிறுவனம் பங்கு கொள்ளுதல் வேண்டும். வீட்டிலிருந்து உழைப்பாரையும் பிற தொழிலாளரை ஒப்பவே நடத்துதல் வேண்டுமெனச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996-ஆம் ஆண்டிலேயே 177-ஆம் உடன்படிக்கையை வகுத்தது. நம் நாடு அதனை ஏற்றுக் கையொப்பமிடவில்லை. தறிக்காரர் குறையைக் கருதி எழுந்த அவ்வறம் இன்று கணினிக்காரர்க்கும் வேண்டுவதாயிற்று.

நான்காவதாக, வீட்டிற்கும் தொலைவிலுள்ள அலுவலகத்திற்கும் நடுவே மூன்றாவது இடமொன்று உண்டு. அது வீட்டினருகிலுள்ள அலுவலகம். சோகோ நிறுவனம் 2011-இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் பணியிடம் அமைத்துச் சிற்றூரிலும் இத்தொழில் நடைபெறும் என்று காட்டிற்று. தமிழ்நாட்டு அரசினரும் 2024-இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய இடங்களில் சிறு டைடல் பூங்காக்களைத் திறந்தனர். பெரியநாயக்கன்பாளையத்திலும் அத்தகைய கூடமொன்று, அருகே குழந்தைகளைப் பேணும் நிலையத்தோடு அமையுமாயின், சென்னை ஆராய்ச்சி காட்டிய முடிச்சு பெரிதும் அவிழும். குழந்தையின் அழுகுரல் எட்டாத தொலைவும், நண்பகலில் சென்று காணத்தக்க அணிமையும் ஆகிய இரண்டும் தாய்க்கு வேண்டும். வீடு அவ்விரண்டனுள் ஒன்றையே தருகின்றது. நெடுந்தொலை அலுவலகம் மற்றொன்றையே தருகின்றது.

முடிவுரை

எம் தமக்கையார் கதையை முடித்தல் வேண்டும். அவர் தம் மேலாளர்க்கு நீண்ட மடலொன்று எழுதினார்; அதில் தம் துன்பங்களைக் கூறாது, ஓராண்டில் தாம் முடித்த பணிகளை மட்டும் நிரல்படத் தொகுத்தார். நிறுவனத்தார் கோவைக் கிளைக்கு மூன்று நாள் வருக, இரு நாள் வீட்டிலிருக்க என ஆறு திங்களுக்கு இசைந்தனர். அவ்வாறு திங்களின் பின் யாதாமோ அறியோம். அவர் செல்லும் நாட்களில் அன்னையார் குழந்தையைப் பார்த்துக்கொள்கின்றார். எனின், ஒரு பெண்ணின் சுமை மற்றொரு பெண்ணின் தோளுக்கு மாறிற்றேயன்றிக் குறைந்ததில்லை. இதனை எழுதும் யானும் அவ்வீட்டிலேயே அமர்ந்து, அன்னையார் தந்த உணவை உண்டே இதனை எழுதினேன் என்பதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

எந்தையார் ஒரு மாலையில், பின்கட்டு அறையின் வாயிலில் நின்று, தமக்கையார் அயல்நாட்டாரோடு பேசி முடிக்கும்வரை ஒலி செய்யாது காத்திருந்தார். ஆலையில் மூத்தார் யந்திரத்தருகில் நிற்கும்போது இளையார் விலகி நிற்றல் போன்றது அந்நிலை. அதற்குமுன் அவர் அவ்வாறு நின்றதை யான் கண்டிலேன். கதவைக் கடந்து செல்லாததும் வேலையே என்பதனை அவர் ஏற்றுக்கொண்டார் போலும்.

ஆகவே, வேலை எங்கே நடக்கின்றது என்பது பெரிதன்று. அதன் செலவைச் சுமப்பார் யார், அதன் நேரத்தை அளப்பார் யார், அதனைச் செய்வார் குறையைக் கேட்பார் யார் என்பனவே பெரியன. இம்மூன்றும் செவ்வனே அமையின், வினை வீட்டிற் புகுந்தாலும் வீடு தன் பெயர்ப்பொருளை இழவாது; அமையாவிடின், விடுதல் இல்லாத வீடாய் முடியும். சிறியேன் ஆராய்ச்சியிற் குறையுளவேல், கற்றறிந்த பெரியோர் பொறுத்துத் திருத்துவாராக.